கழுவிய தண்ணீர் போன இடம்

மகன்,

நாளை அஸர் தொழுகை முடிந்ததும் உன்னை மாப்பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். வாசலில் பெண்கள் குரவையிடுவார்கள். நீ ஏறிய வான் சந்தியில் திரும்பும் வரைக்கும் நான் நின்று பார்ப்பேன். பிறகு உள்ளே வந்து உன் கட்டிலைச் சுவரோடு தள்ளிவைப்பேன். அவ்வளவுதான். இது அழுவதற்கான கடிதம் இல்லை. எனக்கு மனசு இலேசாக இருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு ஆட்கள் வாசித்தாலும் வாசிக்கட்டும். உன்னைப் போல ஒரு பெட்டியோடு இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்கள் கல்முனையில் வருஷம் முழுவதும் இருக்கிறார்கள்.

நேற்றுச் சோறு தின்னும்போது நீ கேட்டாய். "வாப்பா, அந்த ஊடு எனக்குப் பழகுமா?" நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் உன் உம்மா முந்திக்கொண்டாள். "ஒங்கட வாப்பாக்கு இந்த ஊடு பழக ஒரு மொசலும் ஒரு கிணறும் தேவப்பட்ட, மகன். ஒனக்கு என்ன தேவப்படுமோ." நீ சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டாய். முயல் உனக்கு ஞாபகம் இருக்கும். கிணற்றின் கதை தெரியாது. அப்போது நீ சின்னப் பிள்ளை.

எங்கள் பக்கத்தில் பெண் வீடு விட்டுப் போவதில்லை. ஆண்தான் போகிறான். பெண்ணுக்கு வீடு, வயலில் ஒரு துண்டு. மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் ஓர் இடம். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த வெளியூர்ப் பையன்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பட்டத்தோடும் ஒரு தோற்பெட்டியோடும் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். எல்லாரும் நல்ல மாதிரித்தான். நல்ல மீன்துண்டு எனக்குத்தான் வரும். ஆனால் எந்தக் கதவைத் திறக்கும்போதும் ஒருதரம் செருமிக்கொண்டு திறந்தேன். உன் உம்மாவின் வாப்பா மௌத்தான பிறகு வயலெல்லாம் அவளுடைய காக்காவின், உன் மாமாவின் பொறுப்பு. அவர் என்னை மரியாதையாக மச்சான் என்பார். மரியாதையாகவே பகிடியும் பண்ணுவார். படித்த மருமகன் என்றால், அவருக்கு அது வீட்டில் வைத்த வானொலிப் பெட்டி மாதிரி. கேட்க நல்லாயிருக்கும், களை பிடுங்காது.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம். ஊரில் விழுந்த தென்னைகள் இன்னும் கிடந்தன. மலைநாட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. வேலை பயற்று வேர்களில் வாழும் பற்றீரியாவைப் பற்றியது. கௌப்பியையோ பயற்றங்கொடியையோ மெல்லப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணி மணியாகச் சில முடிச்சுகள் தெரியும். அதற்குள் பற்றீரியா குடியிருக்கிறது. காற்றிலிருந்து பசளையை எடுத்துச் செடிக்குக் கொடுக்கும். செடி அதற்குச் சாப்பாடு கொடுக்கும். நல்லாக வேலை செய்யும் ஒரு வகையை நிலையத்தில் வளர்த்து, கறுப்புச் சேற்றுமண் பொடியில் கலந்து, வித்தில் பூசி விதைப்போம். கேள்வி ஒன்றுதான். நாங்கள் அனுப்பியது எங்கள் கரையோர மணலில் பிழைத்து வேரில் குடியேறுகிறதா? அல்லது அங்கே முன்பே இருந்த உள்ளூர்ப் பற்றீரியா அதைத் தள்ளிவிடுகிறதா?

வெறும் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிக் குச்சிகள். வந்ததும் குச்சி, இருந்ததும் குச்சி. அதற்குத்தான் முயல். எங்கள் பற்றீரியாவைக் கொன்று முயலுக்கு ஊசியால் ஏற்றினால், முயலின் உடம்பு அதற்கு எதிராக ஒன்றைச் செய்துகொள்ளும். அது அந்த வகையை மட்டும் தேடிப்போய் ஒட்டும். முயலின் குருதியை உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுத்து, அதில் ஒளிரும் சாயம் ஒன்றைப் பிணைப்போம். கண்ணாடியில் தேய்த்த வேர்முடிச்சின் மேல் அந்தச் சாயநீரை விட்டுக் கழுவி, இருட்டறையில் ஊதாக் கடந்த ஒளியின் கீழ் வைத்தால், எங்களுடையவை மட்டும் பச்சை விளிம்போடு எரியும். மற்றவை இருட்டாகவே கிடக்கும்.

நிலையத்தில் முயல் வளர்க்க இடம் இல்லை. அதனால் முயல் இந்த வீட்டுக்கு வந்தது. நீ அதற்கு அகத்திக் குழை போட்டாய். மாமாவுக்கு அது பெரிய விருந்து.

"மச்சான், ஊருல மாட்டுக்கு ஊசி போடுறத்தப் பாத்திரிக்கன். மொசலுக்குப் போடுறத இப்பதான் பாக்கன்."

"அது வேற ஊசி, மச்சான்."

"இத்தின ஊசி போட்டு வளத்தத்த பெருநாளைக்கு அறுத்தா என்ன?"

"அறுக்க ஏலா. அதுட ரெத்தம் எனக்கு வேணும்."

"அப்ப சரி. ரெத்தம் ஒங்களுக்கு, இறைச்சி எனக்கு. கணக்கு நேர்."

குசினிக்குள் இருந்து உன் உம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கவனிக்கவில்லை.

நற்பிட்டிமுனைப் பக்கம் அவளுடைய வட்டை வயலில் ஒரு துண்டை, பெரும்போக வெள்ளாமை வெட்டின பிறகு கௌப்பிக்குத் தரும்படி மாமாவிடம் கேட்டேன். தந்தார். "காய்ச்சா வட்டைட வளம். காய்க்காட்டி மருமகன்ட பிழ. சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன். அந்தச் சிரிப்புக்குள் இன்னொரு கதையும் இருந்தது. அந்த நேரம் ஆட்கள் சவூதிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். எனக்கும் ஓரிடம் பார்த்துவைத்திருந்தார் மாமா. இந்தத் தற்காலிக வேலை நிலைக்காவிட்டால் நான் போவது என்று பேச்சு. போனால் வருஷக்கணக்கு. உன்னை, உன் உம்மாவை விட்டு. நான் தலையாட்டியிருந்தேன். வேறென்ன சொல்ல முடியும், கௌப்பி வேரைக் காட்டியா?

விதைக்கிற அன்றைக்கு முதல்நாள், முற்றத்தில் இருந்து வித்தைக் கஞ்சியில் நனைத்துக் கரும்பொடியில் பிரட்டினேன். பொடி ஈரமாக, கருஞ்சிவப்பு ஓடி, ஒருமாதிரி மணத்தோடு இருந்தது. பிரட்டின வித்தைச் சிவப்பு நூல் கட்டின துணியிலும், ஒன்றும் பூசாத வித்தை வெள்ளை நூல் கட்டின துணியிலும் முடிந்தேன். சிவப்பு வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளை மேற்கே என்று மாமாவிடம் சொல்லியாயிற்று. அந்த நேரம் பார்த்து நிலையத்திலிருந்து உடனே வரச்சொல்லித் தந்தி. நான் பஸ் நேரத்தைப் பற்றிய யோசனையில் சேட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது உன் உம்மா பின்னால் நின்று கேட்டாள்.

"இந்தக் கறுப்பு என்ன?"

"அதுக்குள்ளதான் கிருமி இரிக்கி."

"மொசல்ட ரெத்தத்துல செஞ்சதா?"

"ஓம், ஓம்," என்றேன். கேள்வி என் காதில் விழவே இல்லை. ஓம் மட்டும் வாயிலிருந்து போய்விட்டது.

மகன், அந்த ஓமை நினைவில் வைத்துக்கொள்.

செடி வளர்ந்து பூத்தபோது கிழக்கிலும் மேற்கிலும் வேர் கிண்டினேன். கூடவே, எங்கள் வித்து எட்டியும் பார்க்காத ஒரு செடியும் ஒப்பிட வேண்டும். எங்கள் கிணற்றடியில் உன் உம்மா ஊன்றிய பயற்றங்கொடி இருந்தது. கௌப்பிக்கும் அதற்கும் ஒரே பற்றீரியாதான். அதிலும் கொஞ்ச வேர் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அந்த நாளில் எந்த நேரமும் பஸ் ஓடும். சண்டையால் பாதை மூடும் என்ற யோசனையே இல்லை.

இருட்டறை சின்னது. விளக்கின் சூடும் மருந்தின் மணமும். கிழக்குக் கௌப்பியின் கண்ணாடியை முதலில் வைத்தேன். இருட்டு. அடுத்தது. இருட்டு. வேர்த் தோல் மட்டும் மங்கலான மஞ்சளாய் மினுங்கியது. அது வேரின் சொந்த வெளிச்சம். சாயம் படாவிட்டாலும் வேர் அப்படி மினுங்கும். ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு அது பச்சையாகத் தெரியத் தொடங்கும். கொஞ்ச நேரம் எனக்கும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இல்லை. மேற்கும் இருட்டு. அது இருட்டாகத்தானே இருக்க வேண்டும். கடைசியாகக் கிணற்றடிப் பயற்றங்கொடி.

பச்சை. கண்ணாடி முழுக்கப் பச்சை. குச்சி குச்சியாக, ஒவ்வொன்றுக்கும் விளிம்பு தெளிவாக. மயிர்வேரை நீட்டிவைத்த கண்ணாடியில் அதன் கரையோரமாக வரிசையாய் ஒட்டிக்கொண்டிருந்தன, மழைக்குப் பிறகு கம்பியில் தொங்கும் துளிகள் மாதிரி. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் அது அங்கே இருக்கவே கூடாது. எரிய வேண்டிய இடத்தில் இருட்டு. இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் நெருப்பு. பெயர்த் துண்டு மாறி ஒட்டிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாறவில்லை. எங்கள் பொறுப்பாளர் வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனிதர். கத்தவில்லை. "உங்கள் சாயநீருக்குத் தன் ஆளைத் தெரியவில்லை," என்றார். "முயலில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அதற்கு இவர்கள் காலம் தருவார்களா தெரியாது." வேலை போய்விட்டது என்பதை அதைவிடப் பதமாகச் சொல்ல முடியாது.

அடுத்த நாள் பகல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாமா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். உன் உம்மா குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், பச்ச தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்ச. தெரியக்கூடாத எடத்துல தெரிஞ்ச."

"அது எங்க?"

"வட்டையில ஒண்டும் இல்ல. இந்தக் கிணத்தடிப் பயத்தங்கொடியில முழுக்கப் பச்ச. மருந்து பிழ. இனி என்னத்தச் சொல்ற. சவூதிக் கதைய நீங்க பாருங்க."

மாமா பகிடி பண்ணவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவர் துவாயால் காலைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். துருவுகிற சத்தம் நின்றிருந்தது.

"இஞ்ச பாருங்க," என்றாள் உன் உம்மா. "ஒண்டு கேக்கன். கோவிக்கப்படாது."

"கேளு."

"எந்தக் கொடி? கிணத்துக்கு அங்கால உள்ளதா, இஞ்சால உள்ளதா?"

"இஞ்சால. வாழைக்குக் கிட்ட."

அவள் துருவலையை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அதுக்குள்ளதான் ஊத்தின நான்."

"என்னத்த?"

"வித்துக் கழுவின தண்ணிய."

அவளே சொன்னாள், ஒரே மூச்சில். "நீங்கதானே சொன்ன, மொசல்ட ரெத்தத்துல செஞ்சதெண்டு. ரெத்தம் நஜீஸ், மார்க்கத்துல அசுத்தம். நஜீஸப் பூசின வித்த வட்டையில போட்டு, காய்க்கிறத்த ஊருக்குக் குடுக்கிறயா? புள்ளைக்குக் குடுக்கிறயா? கிருமி உள்ளுக்குள்ளதான் இரிக்கும், மேலால கழுவினா என்ன எண்டு நினைச்ச நான். மூணு தரம் கழுவி, பாயில காயப்போட்டு, அதே நூலால முடிஞ்சி வெச்ச. காக்கா அதத்தான் கொண்டு போன."

மாமா முதலில் சிரித்தார். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூணு தரமா? பிஸ்மி சொல்லியா?"

"சொல்லாம என்ன."

"அப்ப மச்சான்ட கிருமி தொழப்போற மாதிரி ஒளுவெடுத்துட்டுத்தான் கொடிக்குப் போயிரிக்கி!"

நான் வாழையடியில் அப்படியே இருந்துவிட்டேன். உன் உம்மா நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்தாளாம். என் கண்ணில் தண்ணீர் வந்ததைக் கண்டு, செய்த வேலை பாழ்போன துக்கம் என்று நினைத்தாளாம். நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. சாயநீர் பிழை இல்லை. அதற்குத் தன் ஆளைத் தெரிந்திருந்தது. எனக்கும் பொறுப்பாளருக்கும்தான் தெரியவில்லை. வட்டைக்கு அவை போகவே இல்லை. போகாத இடத்தில் இல்லை என்று சொன்னது. போன இடத்தில் இருக்கிறது என்று சொன்னது. கேட்டதற்கு மேலாக இன்னொன்றும் சொன்னது: யாரும் பார்த்துப் பராமரிக்காமல், கழுவி ஊற்றப்பட்டு, எங்கள் உப்புக்காற்று மணலில், தமக்கென்று ஊன்றாத கொடியின் வேரைத் தேடிப் பிடித்து அவை பிழைத்திருந்தன. நான் கேட்க வேண்டிய கேள்வியே அதுதானே. குசினியில் இருந்து உன் உம்மா விடை தந்துவிட்டாள்.

கிணற்றுக்கு அங்கால் ஒரு கொடி நின்றது என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. கழுவிய தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாது; தரை இங்கால் சரிவு. இரண்டு கொடியிலும் வேர் எடுத்துக்கொண்டு அந்தக் கிழமையே மலைக்குத் திரும்பினேன். அங்கால் கொடி இருட்டு. இங்கால் கொடி பச்சை. பொறுப்பாளர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் வட்டையில் செய்ததைவிட உங்கள் மனைவி கிணற்றடியில் செய்த பரிசோதனை சுத்தம்," என்றார். அடுத்த போகத்துக்கும் காலம் கிடைத்தது. சவூதிக்கு மாமா வேறு ஆளைப் பார்த்தார். அடுத்த முறை முற்றத்தில் வித்துப் பிரட்டும்போது உன் உம்மா பக்கத்தில் இருந்தாள். இது சேற்றுமண், இது கஞ்சி, இரத்தம் இந்தப் பக்கம் வருவதே இல்லை, அது பார்க்கிறதற்கு மட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் பொடியை எடுத்து மணந்து பார்த்தாள். பிறகு தானே கையை விட்டுப் பிரட்டினாள். அன்றைக்குப் பிறகு நான் இந்த வீட்டில் கதவைத் திறக்கச் செருமியதில்லை. முயல் கிழமாகித்தான் செத்தது. இறைச்சி எனக்கு என்ற மாமாவே, ஊசி போட்டதைத் தின்னமாட்டேன் என்று கடைசிவரை நின்றார்.

மகன், நீ போகிற வீடு வரிப்பத்தான்சேனை. வயற்காரர்கள். பேச்சு கொஞ்சம் வேறு, கறியில் புளி கூட. நீ கொண்டு போகிறதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்பார்கள். சில வேளை பின்னால் நின்று, மெல்லிய குரலில், நீ சேட்டு மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கேட்பார்கள். திரும்பி நின்று பதில் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். நீ ஆசையாய்ப் பூசி வைத்ததை உன் பெண்சாதி ஒருநாள் கழுவி ஊற்றினால் உடனே கோபிக்காதே. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று பார். எனக்குத் தெரிந்தவரை, ஒரு வீட்டில் நமக்கென்று காட்டித் தருகிற இடத்தில் நாம் வேர் பிடிப்பது குறைவு. வேறெங்கோ, யாரும் கவனிக்காத ஒரு மூலையில் பிடித்துவிடுகிறோம். அது தெரியவரக் காலம் எடுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சையாக எரிந்த அந்தக் குச்சிகள் ஒன்றும் உயிரோடு இல்லை. கண்ணாடியில் தேய்த்து, காயவைத்து, சுடரில் காட்டி இறுக்கின பிறகுதான் சாயம் விடுவோம். எங்கள் ஆள் யார் என்று தெரிந்துகொள்ள அவற்றைக் கொன்றுதான் பார்த்தோம். வேரில் விட்டவை, நாங்கள் பார்க்காமல் விட்டவை, அவைதான் வாழ்ந்தன. கொஞ்ச நாளாக எனக்கு ஓர் ஆசை இருந்தது: உனக்கும் ஏதாவது அடையாளம் இட்டு அனுப்ப வேண்டும், அந்த வீட்டில் நீ எங்கே, எப்படி இருக்கிறாய் என்று இங்கிருந்தே எனக்குத் தெரிய வேண்டும். யாரிடம் விசாரிக்கலாம், எந்த நாளில் திடீரென்று வந்து பார்க்கலாம் என்றெல்லாம் யோசித்துவைத்திருந்தேன். நேற்று உன் உம்மா கிணற்றுக் கதையை இழுத்ததும் அந்த யோசனை விட்டுப்போனது. நான் வருவேன். பாதை திறந்திருக்கிற நாளில், சொல்லிவிட்டு வருவேன். சோறு தின்பேன், உன்னோடு கதைப்பேன். தோண்டிப் பார்க்கமாட்டேன்.

உன் பெட்டியில் சாரங்களுக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். நான் வைக்கவில்லை. உன் உம்மா வைத்தாள். கிணற்றடிப் பயற்றங்கொடியின் வித்து, வருஷா வருஷம் எடுத்து ஊன்றி வருகிற அதே கொடியின் வித்து. அதோடு அந்தக் கொடி நின்ற இடத்து மண் ஒரு பிடி. "வித்து போதாதா, மண் எதுக்கு?" என்று கேட்டேன். "எல்லாம் மண்ணுக்குள்ளதானே இரிக்கி," என்றாள். எங்கள் பற்றீரியா இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த மண்ணில் இருக்கிறதா என்று பார்க்க இப்போது என்னிடம் முயலும் இல்லை, சாயமும் இல்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. இருக்கும்.

உன் பெண்சாதி அது என்ன மண் என்று கேட்பாள். திரும்பி நின்று சொல்.

உன் வாப்பா